ஆறு மணிக்கு வரும் கறுவா வாசம்

ஜெயகாந்த் இறந்து நாற்பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. ஆனாலும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

அப்படித்தான் சொன்னாள் அவன் மனைவி ரொஷானி. மாத்தளை திருகோணமலை வீதியில், மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் நூருன்னிஸா. ஐம்பத்தெட்டு வயது. முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று பாஷையிலும் பொய் கேட்டுப் பழகிய காது அவருக்கு. பென்ஷன் வந்த மறு மாதமே 'விசாரணை நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டார். கதவோரம் நின்ற ஹெர்பர்ட் அவருடைய உதவியாளன், த்ரீவீல் சாரதி, இரண்டுமே. தேயிலைத் தோட்டத்தில் பார்த்த கணக்கப்பிள்ளை உத்தியோகத்தைத் தன் வாயாலேயே தொலைத்தவன்.

"வர்றாருன்னா எப்படி மகள்? கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டார் நூருன்னிஸா.

"இல்ல மிஸ். வாசம். கறுவாப்பட்டை, சாதிக்காய், கொஞ்சம் ஏலம். அது அவரோட வாசம். அவரு வேப் இழுப்பாரு, பேட்டரி சிகரெட். கடையில விக்கிற ருசி ஒண்ணும் பிடிக்காது. காலி காட்ரிஜை வாங்கி வந்து, தானே கலந்து நிரப்பித் தானே மூடுவாரு. பலாபத்வலயில வாசனைத் திரவியத் தோட்டத்துல வெள்ளைக்காரங்களுக்குச் செடி கொடி காட்டுற வேலை அவருக்கு. மூக்குதான் அவரோட படிப்பு. அந்த வாசத்தை இந்த உலகத்துல வேற யாராலயும் செய்ய முடியாது."

"எங்க வருது?"

"எங்க அறைக்குள்ள. அவரு போனதுக்கப்புறம் நான் அங்க படுக்கிறதில்ல. பூட்டித் திறப்பைக் கழுத்துல போட்டிருக்கேன்." சங்கிலியில் சிலுவையோடு தொங்கிய சாவியைக் காட்டினாள். "ஆறு மணிக்கு சர்ச்ல ஜெபமணி அடிக்கும். அடிச்சுக் கொஞ்ச நேரத்துல உள்ளேயிருந்து வாசம் வரும். திறந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. ஆனா அறை பூரா அவரு."

ஹெர்பர்ட் தொண்டையைச் செருமினான். "அவரோட வேப் பைப் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அவர்கிட்டத்தான்."

ஹெர்பர்ட் நூருன்னிஸாவைப் பார்த்தான்.

"பெட்டியில வச்சுட்டோம்," என்றாள் ரொஷானி. "நான் என் கையாலயே அவரு சட்டைப் பையில வச்சேன். வஹகோட்டை சேமக்காலையில மண்ணுக்குள்ள இருக்கு."



நூருன்னிஸா குரலைத் தாழ்த்திக் கேட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நெஞ்சு பூரா எண்ணெய்னு சொன்னாரு. எண்ணெயைச் சூடாக்கி இழுத்திருக்காருன்னு. அதை நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஊர்ல எல்லாரும் காட்ரிஜ் வித்த ஹுஸ்னி நானாவைத்தான் கொலைகாரன்னு சொல்றாங்க. பொலிஸ் இவரே கலந்தது, இவரே செத்தாருன்னு ஃபைலை மூடிட்டாங்க." அவள் முன்னால் சாய்ந்தாள். "ஆனா மிஸ், அவரு எண்ணெயைத் தொடவே மாட்டாரு. எண்ணெய் நெஞ்சுக்கு எமன்னு அவருதான் எல்லாருக்கும் சொல்லுவாரு. ஆஸ்பத்திரியில ஒரு தரம் மாஸ்க்கை இழுத்து விட்டுட்டு, 'நான் எண்ணெய் போடல ரொஷா'ன்னாரு. அதுதான் கடைசியாப் பேசினது."

"அப்ப யாரு போட்டாங்க?"

"அதைச் சொல்லத்தான் தினமும் வர்றாரு போல. எனக்குத்தான் விளங்க மாட்டேங்குது."

அவள் கைப்பையிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தாள். பிரித்தால், சுண்டு விரல் நீளத்துக்கு ஒரு காட்ரிஜ். அடியில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் மிச்சம். பொட்டலம் பிரிந்ததுமே அறைக்குள் கறுவா மணத்தது.

"நேத்துக் காலையில குப்பைக் கிடங்குல கிடந்துச்சு. முந்தாநாள் நான் கொட்டின தேங்காய்ப்பூவுக்கு மேல."

"மேலயா, கீழயா?"

"மேல."

நூருன்னிஸா காட்ரிஜைத் தொடாமல் குனிந்து பார்த்தார். ஹெர்பர்ட் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தான். "மேடம், ஆவி வீட்டுக்கு வரும்னு கேள்விப்பட்டிருக்கேன். வந்து இழுத்துட்டு, பொறுப்பாக் குப்பையிலயும் கொண்டு போய் போடுமா?"

ரொஷானி அழுகைக்கு நடுவே ஒரு கணம் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கடைசியா ஒரு கேள்வி," என்றார் நூருன்னிஸா. "ஒரு நாள் விடாம வருதா?"

"செவ்வாய்க்கிழமை மட்டும் இல்ல. அவரை அடக்கம் பண்ணினது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால இருக்கும்."

* * *

ரொஷானியை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, த்ரீவீலை ஏ-ஒன்பது வீதியில் வடக்கே விட்டான் ஹெர்பர்ட். இரு பக்கமும் மிளகுக்கொடி சுற்றிய மரங்கள், வெள்ளைக்காரர்களைக் கூப்பிடும் விளம்பரப் பலகைகள்.

"செவ்வாய்க்கிழமை லீவு எடுக்கிற பேய்," என்றான். "அரசாங்க உத்தியோகமா இருக்குமோ?"

"பேய் லீவு எடுக்கல. வேற வேலைக்குப் போகுது. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வஹகோட்டையில என்ன விசேஷம்? உங்க ஆட்கள் ஊர்தானே?"

"செவ்வாய் அந்தோனியார் நாள் மேடம். நவநாள் பூசை இருக்கும். மாத்தளையில இருந்து, குருணாகல்ல இருந்தெல்லாம் சனம் வரும்."

"அப்ப இது பூசைக்குப் போற பேய்."

"கத்தோலிக்கப் பேயா? அப்படின்னா எங்க ஃபாதர்கிட்டச் சொல்லிருவோம் மேடம். ஞாயிற்றுக்கிழமைக்கும் வரச் சொல்லுவாரு."

பலாபத்வலயில் ஹுஸ்னியின் ஃபோன் திருத்தும் கடை பாதி மூடிக் கிடந்தது. இரும்புக் கதவில் கல் பட்ட பள்ளங்கள். யாரோ சிவப்புப் பெயின்டில் 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தார்கள். அதைச் சுரண்டப் பார்த்துப் பாதியில் விட்ட தடமும் இருந்தது. உள்ளே முப்பது வயது ஹுஸ்னி, திறந்த சூட்கேஸ் ஒன்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"எங்க பயணம், தம்பி?" என்றார் நூருன்னிஸா.

"கத்தார், சாச்சி. வாற வெள்ளி ஃப்ளைட்."

"ஓடினா, செஞ்சது நீதான்னு சொன்ன மாதிரி ஆயிராதா?"

"நின்னா கடையோட எரிச்சிருவாங்க." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஜெயா என்னோட ஒண்ணாப் படிச்சவன். அவனோட மையத்து அடக்கத்துக்குப் போகவும் என்னை விடல. மதில் ஓரமா நின்னு பாத்துட்டு வந்தேன்."

நூருன்னிஸா பொட்டலத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். வாசம் எழுந்தது. நாற்பத்தொன்பது நாளுக்குப் பிறகு நண்பன் கடைக்குள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி ஹுஸ்னி சட்டென்று தன் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே வெறும் ஸ்டூல்.

"இது அவன் நிரப்பினதா?" என்று கேட்டார் நூருன்னிஸா.

ஹுஸ்னி லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டான். ஃபோன் திருத்தும்போது மாட்டுவது. நெடு நேரம் பார்த்தான். பிறகு மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு காட்ரிஜை எடுத்து அதற்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது ஜெயா என் கலியாணத்துக்குத் தந்தது. நான் இழுக்கிறதில்ல, சும்மா வச்சிருக்கேன். மூடியைச் சுத்திப் பாருங்க. தெளிவான பசை. ஓரம் ஒரே நேரா இருக்கும். அவன் கை அப்படி. இப்ப நீங்க கொண்டு வந்ததைப் பாருங்க."

ஹெர்பர்ட் குனிந்தான். "இது ஏதோ சின்னப்புள்ள ஒட்டின பட்டம் மாதிரில்ல இருக்கு."

"இதுலயும் அடியில ஜெயாவோட பசை இருக்கு. அது உடைஞ்சிருக்கு. அதுக்கு மேல வேற ஒண்ணு பூசியிருக்கு." ஹுஸ்னி நகத்தால் மெல்லச் சுரண்டினான். நகத்தில் ஒரு துணுக்கு ஏறியது. "மெழுகு, சாச்சி. ஜெயா மூடினதை வேற யாரோ திறந்து, திரும்ப மூடியிருக்காங்க."

நூருன்னிஸா அந்தத் துணுக்கைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனார். வெள்ளை மெழுகு இல்லை. வெளிறிய நீலம்.

"பசை எங்கயும் கிடைக்கும்," என்றார் தனக்குள் பேசுவது போல. "மெழுகால ஒட்டணும்னு யாருக்குத் தோணும்? பசை தேடிக் கடைக்குப் போகாதவருக்கு. மெழுகு எப்பவும் கைக்கிட்டவே இருக்கிறவருக்கு."

ஹெர்பர்ட் த்ரீவீலை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தான். அவன் முகத்தில் கிண்டல் இல்லை. "மேடம், அந்தோனியார் நாள்ல சர்ச் வாசல்ல நீல மெழுகுவர்த்தி விப்பாங்க."

* * *

வஹகோட்டை வீட்டை அடைந்தபோது மணி ஐந்தே முக்கால். ஓடு போட்ட பழைய வீடு. பின்னால் பாக்கு மரங்கள், பக்கத்தில் கொக்கோ. வாசலில் வந்து நின்றவர் ஜெயகாந்தின் தாய் ஜூலியட். அறுபதைத் தாண்டிய, எலும்பும் தோலுமான உருவம். தோளில் கறுப்புச் சால்வை. விரல் நகங்களில் நீலம் படிந்திருந்தது.

"மருமகள் சொன்னா. வாங்க. தேத்தண்ணி போடுறேன்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்து நின்று இருமினார். ஆழத்தில் ஏதோ ஈரமாகப் புரளும் இருமல்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டார் நூருன்னிஸா.

"ரெண்டு கிழமை. சாயந்தரமானா காய்ச்சலும் வருது. அவன் போனதுல இருந்து உடம்புன்னு ஒண்ணு இருக்கிறதே நெனப்பில்ல."

குசினி அடுப்பில் மெழுகு காய்ச்சும் சட்டி, திரி நூல், கயிற்றில் தொங்கவிட்ட மெழுகுவர்த்திகள். நீலம், வெள்ளை, ரோஸ். செவ்வாய்க்கிழமைகளில் சர்ச் வாசலில் கொண்டு போய் விற்கிறார் என்று ரொஷானி மெதுவாகச் சொன்னாள். சொல்லும்போதே அவள் பார்வை நூருன்னிஸாவின் முகத்தில் நின்றது. எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் சாவியைக் கழற்றிக் கொடுத்தாள்.

அறைக்குள் ஒரு கட்டில், மடித்து வைத்த சாரம், சட்டை, சுவரில் கலியாணப் படம். ஜன்னல் உள்ளே தாழிட்டிருந்தது. நூருன்னிஸா நாற்காலியில் உட்கார்ந்தார். ரொஷானி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில். ஹெர்பர்ட் கதவில் சாய்ந்தான்.

மணி அடித்தது. ஒவ்வொரு அடியும் பாக்கு மரங்களுக்கு நடுவே வந்து அடங்கியது. ரொஷானி சிலுவை போட்டுக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அறையை விட்டுப் போனது.

பிறகு வந்தது. முதலில் ஏலம், மெல்லியதாக. அதன் பின்னால் சாதிக்காய். பிறகு கறுவா, சூடாக, யாரோ கழுத்துக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவது போல. ஹெர்பர்ட்டின் கை ரோமங்கள் எழுந்து நின்றன.

"வந்துட்டாரு," என்றாள் ரொஷானி. கண்ணை மூடியிருந்தாள். "ஜெயா... யாருன்னு சொல்லுங்க. இப்பவாவது சொல்லுங்க."

நூருன்னிஸா கண்ணை மூடவில்லை. மேலே பார்த்தார். அந்த வீட்டில் அறைச்சுவர்கள் கூரை வரை போகவில்லை. ஆளுயரத்துக்கு மேல் எல்லா அறைக்கும் ஒரே வெளி. மங்கிய வெளிச்சத்தில், இடது பக்கச் சுவரின் விளிம்பைத் தாண்டி, வெள்ளையாக ஒரு புகை மெல்ல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் உதட்டில் விரல் வைத்தார். மூவரும் செருப்பில்லாமல் நடந்து பக்கத்து அறைக் கதவைத் தள்ளினார்கள்.

அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் ஒரு சின்ன எண்ணெய் விளக்கு எரிந்தது. ஜூலியட் முழந்தாளில் இருந்தார். சால்வைக்குள்ளிருந்து வந்த கையில் மகனுடைய வேப் பைப். அதை உதட்டில் வைத்து, கண்ணை மூடி, பூசையில் நன்மை அப்பம் வாங்குகிறவரைப் போல மெதுவாக உள்ளே இழுத்தார். புகையை வெளியே விட்டு, அந்தப் புகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அப்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு ஹெர்பர்ட் தரையைப் பார்த்தான்.

"மாமி!" என்று கத்தினாள் ரொஷானி.

ஜூலியட் திரும்பினார். பயப்படவில்லை. "பெட்டியை மூடறதுக்கு முன்ன, கடைசியா முத்தம் குடுத்தேன்ல. அப்ப எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காத மகள். ஒனக்கு அவனோட படம் இருக்கு, உடுப்பு இருக்கு. எனக்கு அவன் வாசத்தை விட்டா என்ன இருக்கு?"

ரொஷானி கதவு நிலையில் சரிந்து உட்கார்ந்தாள். நாற்பத்தொன்பது நாள் அவள் பேசிக்கொண்டிருந்தது யாருடன் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

நூருன்னிஸா ஜூலியட்டுக்குப் பக்கத்தில் போய் அமர்ந்து பைப்பை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கினார். உள்ளே இருந்த காட்ரிஜின் மூடியைச் சுற்றி நீல மெழுகு. சுரூபத்தின் காலடியில் ஒரு பிஸ்கட் டின். அதில் ஜெயகாந்த் நிரப்பி வைத்த காட்ரிஜ்கள், இரண்டு கட்டாக. ஒரு கட்டில் எல்லாம் தெளிவான பசை. இன்னொன்றில் எல்லாம் நீல மெழுகு. அந்தக் கட்டு ஏறக்குறைய தீர்ந்திருந்தது.

பசைக் கட்டில் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

நூருன்னிஸா இரண்டு கட்டையும் மாறி மாறிப் பார்த்தார். குரலை மாற்றாமல் கேட்டார். "ஏம்மா, இந்த நீல மெழுகு வச்சதை மட்டும் இழுக்கிறீங்க?"

"மத்தது விஷம்ல? அந்தக் கடைக்காரன் குடுத்த விஷம்தானே என் புள்ளையைக் கொன்னுச்சு." ஜூலியட் அன்போடு நீலக் கட்டைத் தடவினார். "இது ஒண்ணும் செய்யாது. இது நான் காவல் போட்டது."

"என்ன காவல்?"

"ரெண்டு மாசமா அவனைக் கெஞ்சினேன், இந்தப் பழக்கத்தை விட்ருடான்னு. கேக்கல. அப்புறம் அந்தோனியாருக்குத்தான் நேர்ந்தேன். அவன் தூங்கறப்போ ஒவ்வொண்ணாத் தொறந்து, இந்த விளக்குல இருக்கிற எண்ணெய் கொஞ்சம் கொஞ்சம் விட்டு, மெழுகால மூடி வச்சேன். ஜெபிச்ச எண்ணெய். உள்ள போனா ஆசை தானா விட்டுப் போயிரும்னு. மெழுகு ஏன்னு கேட்டான், கசிஞ்சுது ஒட்டி வச்சேன்னேன்." அவர் மறுபடி இருமினார். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அதுக்குள்ள அந்த விஷம் முந்திக்கிச்சு."

கதவோரம் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, சொல்லும் இல்லை. ரொஷானி இரண்டு கையாலும் தன் வாயை அழுத்திப் பிடித்திருந்தாள்.

நூருன்னிஸா எழுந்தார். "ஹெர்பர்ட், த்ரீவீலைத் திருப்பு. ஆஸ்பத்திரிக்கு. ஓடு!"

* * *

ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஒரு சிங்கள இளைஞர். நாற்பத்தொன்பது நாளைக்கு முன்னால் ஜெயகாந்தைப் பார்த்தவரும் அவரே. தமிழ் அவருக்கு நாலு சொல் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஜூலியட்டுக்குச் சந்தையில் பேசுகிற சிங்களம் மட்டும் தெரியும். நடுவில் நூருன்னிஸா நின்றார்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். நல்ல வேளை கொண்டு வந்தீர்கள். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடிந்திருக்காது. நெஞ்சில் எண்ணெய். இவருடைய மகனுக்கு இருந்ததும் இதே எண்ணெய்தான், அதுதான் அவனைக் கொன்றது. இவர் இனி அதைத் தொடக்கூடாது. நன்றாக விளங்கும்படி சொல்லுங்கள்.

முப்பத்தொரு வருடம் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, தூக்குத் தண்டனையைக்கூட ஒரு சொல் குறையாமல் கைதியின் பாஷையில் சொன்னவர் நூருன்னிஸா. கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். இப்போது கட்டிலில் ஒட்சிசன் குழாயோடு தன்னையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்தார். நாக்கு எழவில்லை. மகனைப் பற்றிச் சொன்னதை விட்டுவிட்டால் யாருக்கு நட்டம்? செத்தவன் திரும்பி வரப்போவதில்லை. பிறகு ஹுஸ்னியின் கதவில் இருந்த சிவப்புப் பெயின்ட் நினைவுக்கு வந்தது. அப்போதும் நாக்கு எழவில்லை.

"இனி அதை இழுக்கக் கூடாதுன்னு சொல்றாரு," என்று தொடங்கினார்.

"இல்ல," என்றார் ஜூலியட். "அவரு 'தெல்'னு சொன்னாரு. தெல்னா எண்ணெய். 'புதா'ன்னு சொன்னாரு. அது மகன். சந்தையில நானும் பேசுறேனே அம்மா. எண்ணெயையும் என் மகனையும் ஏன் ஒண்ணாச் சொன்னாரு?"

ரொஷானி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றார் ஜூலியட். "குறைக்காமச் சொல்லுங்க."

நூருன்னிஸா சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. சொல்லி முடித்தபோது ஜூலியட் அழவில்லை. ஒட்சிசன் குழாயை மூக்கிலிருந்து எடுத்துக் கீழே போட்டார். அதைத் திரும்ப மாட்ட மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்ததில் ஒரு கை ரொஷானியுடையது.

"விடு மகள். நான் போறேன் அவன்கிட்ட."

"போக விட மாட்டேன்," என்றாள் ரொஷானி, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க இருந்து பொலிஸ்ல சொல்லணும். ஹுஸ்னி நானா மேல இருக்கிற பழியை நீங்கதான் எடுக்கணும். செத்துத் தப்பிக்க நெனக்காதீங்க."

ஜூலியட்டின் கை தளர்ந்தது.

* * *

வாக்குமூலத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எழுதிக்கொண்டு போனது பொலிஸ். நீதவான் என்ன சொல்வார் என்பது இனிமேல்தான். ஹுஸ்னி விமானத்தில் ஏறவில்லை. நூருன்னிஸா தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு அவன் 'அந்த அம்மா எப்படி இருக்காங்க' என்று மட்டும் கேட்டதாக ஹெர்பர்ட்டிடம் சொன்னார்.

பதிமூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி ஜூலியட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். த்ரீவீலில் ஏறியதும் ஜூலியட் சொன்னார். "வீட்டுக்கு வேணாம் தம்பி. பலாபத்வலைக்கு விடுங்க."

ஹெர்பர்ட் கண்ணாடியில் நூருன்னிஸாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். வழியெல்லாம் அவன் ஒரு வேடிக்கைகூடச் சொல்லவில்லை. ஒரு தரம் மட்டும், "எங்க அம்மா நான் சிகரெட்டை விடணும்னு தாயத்து கட்டி விட்டாங்க மேடம்," என்றான். "நல்ல வேளை, அது வெளியில கட்டுறது." யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

காலை பத்து மணி. கடைவீதியில் சனம் நிறைந்திருந்தது. ஜூலியட் ஹுஸ்னியின் கடைக்கு முன்னால் இறங்கி, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நடுவே நின்றார். தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பினார்கள். அவரை எல்லாருக்கும் தெரியும்.

"நான் ஜெயகாந்தோட அம்மா," என்றார். "இந்தக் கதவுல முதல் கல்லை எறிஞ்சது நான். நான் எறிஞ்சதைப் பாத்துட்டுத்தான் நீங்கல்லாம் எறிஞ்சீங்க. என் புள்ளையைக் கொன்னது இந்தப் பையன் இல்ல. நான்தான். தெரியாமச் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்."

ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போனது. யாரும் அசையவில்லை. ஒரு கிழவர் மட்டும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஹுஸ்னி உள்ளேயிருந்து வந்தான். கல்லை எறிந்தது யார் என்று அவனுக்கு அன்றே தெரியும். நண்பனுடைய தாய் என்பதால் நூருன்னிஸாவிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை.

"வெயில் சுடுது அம்மா. உள்ள வந்து உக்காருங்க," என்றான்.

ஜூலியட் கொஞ்சம் தயங்கி, அவன் நீட்டிய கையைப் பிடித்துப் படி ஏறினார்.

ரொஷானி த்ரீவீலிலேயே இருந்தாள். நூருன்னிஸா அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இனி என்ன செய்யப் போறீங்க மகள்? அதே வீட்டுல அவங்களோட இருக்க முடியுமா?"

"தெரியல மிஸ். அவங்க முகத்தைப் பாத்தா அவரு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிச்சதுதான் ஞாபகம் வருது. என்னால மன்னிக்க முடியல. முடியும்னும் தோணல."

அவள் கடைப்பக்கம் பார்த்தாள். உள்ளே ஸ்டூலில் ஜூலியட் உட்கார்ந்திருந்தார், மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாதவரைப் போல.

பிறகு ரொஷானி ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பையை எடுத்தாள். உறையில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தாள். இறங்கி வீதியைத் தாண்டி, கடைப்படியில் நின்றாள்.

"ஹுஸ்னி நானா," என்றாள். "கொஞ்சம் சுடுதண்ணி இருக்குமா? மாமிக்கு மருந்து குடுக்கிற நேரம்."